ஸ்கேனில் இன்னும் 4.5 செ.மீ. தெரிகிறதே, மறுபடியும் டியூப் போட வேண்டுமா?

நெற்குன்றத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கம் தருகிறேன்.

கணவருக்கு 43 வயது. கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கும் பழக்கம் உண்டு. ஐப்பசி மழை நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்திருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே வலி, வலது தோளிலும் வலி. மூட்டை தூக்கியதில் சதை பிடித்துவிட்டது என்று நான்கு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை. பிறகு டைபாய்டு என்று ஒரு கிளினிக்கில் ஊசி. 12ஆம் நாள் எடுத்த ஸ்கேனில் கல்லீரலின் வலது மடலில் 9.2 × 7.8 செ.மீ. கட்டி, உள்ளே ஏறக்குறைய 300 மி.லி. சீழ். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, விலா வழியாக டியூப் போட்டு எடுத்திருக்கிறார்கள். "சாக்லேட் கலர்ல வந்துச்சு டாக்டர், நாத்தம் எதுவும் இல்ல. முதல் நாளே 260 வந்துச்சு." எட்டாம் நாள் டியூப்பை எடுத்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், 3 கிலோ ஏறியிருக்கிறார். ஆனால் பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டரில் பார்த்ததில் 4.5 செ.மீ. கட்டி மிச்சம் இருக்கிறதாம். அங்குள்ள மருத்துவர் "மறுபடி டியூப் போடணும், இல்லன்னா ஆபரேஷன்" என்று சொல்ல, வீடே கலங்கிப்போயிருக்கிறது. மாமியார், "அப்பவே சொன்னேன், ஈரல்ல குத்தினா பரவும்; கீழாநெல்லி கொடுத்திருக்கலாம்" என்கிறார். தங்கை கணவருக்கு இதே நோய் மாத்திரையிலேயே சரியாயிற்றே, இவருக்கு எதற்கு டியூப் என்பது இன்னொரு சந்தேகம். இது கேன்சரா, பிள்ளைகளுக்குத் தொற்றுமா, மாலை போட்டிருக்கும் அவர் தை பிறப்பதற்குள் மலைக்குப் போகலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை வரி பிசகாமல் எழுதி அனுப்பியது பெரிய உதவி. உங்களை மிரட்டிக்கொண்டிருக்கும் அந்த 4.5 செ.மீ. எனக்கு அவ்வளவாகக் கவலை தரவில்லை. கவலை தருபவை, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகள். ஒன்று: "கடைசியா எழுதின மாத்திரை கடையில இல்லைன்னாங்க, காய்ச்சல்தான் போயிடுச்சேன்னு வாங்கல." இரண்டு: "சீழ் கல்ச்சர் ரிப்போர்ட் அப்புறம் வரும்னு போட்டிருக்கு, நாங்க போய் வாங்கல." (சீழில் என்ன கிருமி வளர்கிறது என்று லேபில் பார்ப்பதே கல்ச்சர்.) அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பயம்.

"கட்டி" என்றால் என்ன?

இந்த நோயில் பாதிக் கலக்கத்தைக் கொண்டுவருவதே இந்தச் சொல்தான். வேனல் காலத்தில் தோலில் வருவதும் நமக்குக் கட்டி, புற்றுநோயும் கட்டி. உங்கள் கணவருக்கு வந்தது சீழ்க்கட்டி. கிருமி நுழைந்து ஈரல் திசுவைக் கரைத்து உண்டாக்கிய குழி அது. உள்ளே திரவம் இருந்தது, டியூப் வழியாக வெளியே வந்தது, காய்ச்சல் நின்றது, உடம்பு தேறுகிறது. புற்றுநோய் இப்படி நடந்துகொள்ளாது. சில புற்றுக்கட்டிகள் நடுவில் அழுகிச் சீழ்க்கட்டி போலத் தோன்றுவது உண்டு. ஆனால் அவை ஆறு வாரத்தில் பாதி அகலத்துக்குச் சுருங்குவதில்லை.

தோளில் வலித்ததற்கும் மூட்டைக்கும் சம்பந்தமில்லை. ஈரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. ஈரலின் மேற்புறம் வீங்கி உதரவிதானத்தை உரசினால், மூளை அதைத் தோள் வலியாகவே எடுத்துக்கொள்ளும். வலது தோள் வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஈரலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்பது பழைய பாடம். உங்களுக்கு அது 12 நாள் தாமதமாயிற்று.

ஈரலில் சீழ்க்கட்டி இரண்டு வகைக் கிருமிகளால் வரும். ஒன்று அமீபா. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பெருங்குடலுக்குள் போய், அங்கிருந்து ரத்தத்தில் ஏறி ஈரலுக்கு வரும். நடுவயது ஆண்கள், குடிப்பழக்கம், வலது மடலில் ஒற்றைக் கட்டி, நாற்றமில்லாத சாக்லேட் நிறத் திரவம் என எல்லாமே உங்கள் கணவருக்குப் பொருந்துகின்றன. வயிற்றுப்போக்கு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை; பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரத்தில் இருக்காது. இன்னொன்று பாக்டீரியா. கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவை பித்தப்பாதை வழியாகவோ குடலிலிருந்து ரத்தம் வழியாகவோ வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். சில சமயம் அமீபா உண்டாக்கிய குழிக்குள் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும்.

"சீழில் அமீபா காணப்படவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டு, அப்படியானால் நோயையே தப்பாகக் கண்டுபிடித்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வெளியே வந்தது பெரும்பாலும் கரைந்துபோன ஈரல் திசு. அமீபா குழியின் சுவர் ஓரத்தில்தான் இருக்கும், நடுத் திரவத்தில் அரிதாகவே கிடைக்கும். ரத்தத்தில் அமீபா எதிர்ப்புப் பொருள் பாசிட்டிவ் என்று வந்திருப்பது அமீபா பக்கம் சாய்கிறது. ஆனால் பழைய தொற்றாலும் இந்தப் பரிசோதனை வருடக்கணக்கில் பாசிட்டிவாக இருக்கக்கூடும். அதனால் அது ஒன்றையே நம்பிப் பாக்டீரியாவை ஒதுக்கிவிட முடியாது.

டியூப் தேவைதானா?

உங்கள் தங்கை கணவருக்கு நடந்ததும் சரி, உங்கள் கணவருக்கு நடந்ததும் சரி. அமீபாக் கட்டி சிறிதாக இருந்து, நோயாளி நிலையாக இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற அமீபா மருந்து மட்டுமே பெரும்பாலும் போதும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க ஆரம்பிக்கும். பாக்டீரியாக் கட்டியாக இருந்தாலும் 3 செ.மீ.க்குக் கீழே என்றால் மருந்து மட்டும் கொடுத்துப் பார்ப்பதுண்டு. 3 முதல் 5 செ.மீ. வரை ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம். அதற்கு மேலே போனால் டியூப் வைப்பதே வழக்கம். ஒரு முறை உறிஞ்சினால் பெரிய குழி மறுபடியும் நிரம்பிவிடும். கெட்டியான சீழ் ஊசியில் வராது.

அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் இல்லை. கட்டி ஈரலின் விளிம்பை ஒட்டி, மேலே மெல்லிய திசு மட்டும் மிச்சமிருந்தால் உடையும் அபாயம் உண்டு. இடது மடலில் இருந்தால் இன்னும் அவசரம், அங்கிருந்து இதய உறைக்குள் உடையலாம். மருந்து கொடுத்து நான்கைந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றாலும், பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். 300 மி.லி. கட்டியோடு, கடையிலும் கிளினிக்கிலும் என்னென்னவோ ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டு 12ஆம் நாள் வந்தவருக்கு டியூப் போட்டதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மாமியார் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். கண்மூடித்தனமாகக் குத்தினால் சீழ் வயிற்றுக்குள் ஒழுகத்தான் செய்யும். 1912இல் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அமீபாவைக் கொல்லும் எமெட்டின் ஊசியைக் கொண்டுவருவதற்கு முன், வயிற்றைத் திறந்து சீழ் எடுக்கப்பட்டவர்களில் பலர் பிழைக்கவில்லை. அந்தப் பயம் தலைமுறை தாண்டி வந்திருக்கலாம். இன்றைக்குச் செய்வது வேறு. முதலில் ரத்தம் உறையும் தன்மையைப் பார்ப்பார்கள்: ஐஎன்ஆர் ஏறக்குறைய 1.5க்குள், தட்டணுக்கள் 50,000க்கு மேல் இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, தோலிலிருந்து ஈரல் உறை வரை மரக்க வைத்து, நல்ல ஈரல் திசு ஓரிரு செ.மீ. இடையில் இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் திசு டியூப்பைச் சுற்றி இறுக்கிக்கொள்வதால்தான் சீழ் வெளியே கசிவதில்லை. விலாவுக்கு இடையில் போகும்போது கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசி போகும். ஒவ்வொரு விலாவின் அடிவிளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ரொம்ப மேலே போனால் நுரையீரல் உறை கிழியும், அதையும் கவனிப்பார்கள். ஊசி உள்ளே போனதும் அதன் வழியாக ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் மேல் பாதையை அகலப்படுத்தும் குழல், பிறகு பிக்டெயில் டியூப். நுனி பன்றிவால் போலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர்; சுருண்டால் வெளியே நழுவாது. உங்கள் சம்மரியில் உள்ள "12 பிரெஞ்சு" என்பது 4 மி.மீ. குறுக்களவு. 3 பிரெஞ்சு ஒரு மி.மீ.

குத்தக்கூடாத ஒரு வகையும் உண்டு. நாய் வழியாக வரும் ஹைடாடிட் நாடாப்புழுவின் நீர்க்கட்டி அது. தெரியாமல் குத்தினால் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதனால்தான் ஸ்கேனை நன்றாகப் பார்த்துவிட்டு ஊசியைக் கையில் எடுக்கிறார்கள்.

நர்ஸ் ஏன் டியூப்புக்குள் சலைன் விட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். அடைத்துக்கொள்ளாமல் இருக்க 5, 10 மி.லி. விடுவார்கள். பையில் விழும் கணக்கில் அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்த பிறகு ஒரு நாளைக்கு 10 மி.லி.க்குக் கீழே இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடலாம். உங்கள் கணவருக்கு அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். பச்சை கலந்த மஞ்சளாகப் பித்தம் வந்திருந்தாலோ ரத்தம் வந்திருந்தாலோ கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு வீட்டு வைத்தியமாக வழங்குவது. 300 மி.லி. சீழை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நாட்களை அதில் கழித்திருந்தால் கட்டி நுரையீரலுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உடைந்திருக்கலாம்.

பாதியா, எட்டில் ஒரு பங்கா?

"ஒன்பதிலிருந்து நாலரை, ஆறு வாரத்தில் பாதிதான் குறைஞ்சிருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அப்படி இல்லை. கட்டி ஒரு உருண்டை. அதன் கொள்ளளவைத் தோராயமாக அறிய நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.52ஆல் பெருக்க வேண்டும். 9.2 × 7.8 × 8 என்று வைத்தால் 300 மி.லி. வரும், ஸ்கேன்காரர் போட்டதும் அதுவே. இப்போது 4.5 × 4 × 4 என்று வைத்துக்கொண்டால் 37 மி.லி. குறுக்களவு பாதியானால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

மீதி இருப்பதும் பழைய சீழ் என்று நினைக்காதீர்கள். கிருமி செத்த பிறகும் குழி இருக்கும், அதில் கொஞ்சம் திரவமும் சிதைந்த திசுவும் இருக்கும். ஈரல் தானாக வளர்ந்து அதை மூட மாதங்கள் பிடிக்கும். மூன்று முதல் ஒன்பது மாதம் சாதாரணம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். சிகிச்சையின் முதல் வாரத்தில் நோயாளி தேறிக்கொண்டே வரும்போது ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிவதும் உண்டு. ஸ்கேன் சென்டரில் ஆளைப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள். "மிச்சச் சீழ்க்கட்டி" என்று எழுதுவது அவர்கள் வேலை. அதை நம்பி ஊசி எடுப்பது நம் வேலையல்ல.

ஆகவே, இப்போது டியூப் வேண்டாம். ஆபரேஷன் நிச்சயமாக வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள்: வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் உள்ளிட்ட ஈரல் பரிசோதனை. இவை சரியாக இருந்து, காய்ச்சலும் வலியும் இல்லாமல், எடை ஏறிக்கொண்டிருந்தால் அடுத்த ஸ்கேன் டியூப் எடுத்ததிலிருந்து மூன்றாவது மாதம் போதும். வாராவாரம் எடுக்காதீர்கள், காசும் போகும், தூக்கமும் போகும். குழி மறுபடி பெரிதானாலோ, வெள்ளை அணு ஏறினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ மட்டுமே மறுபடி சீழ் எடுக்கும் பேச்சு. ஆறு மாதம் கழித்தும் சுருங்காமல் சுவர் தடித்தே இருந்தால் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்து வேறு நோயா என்று பார்க்க வேண்டும்.

வாங்காமல் விட்ட மாத்திரை

இதுதான் முக்கியம். மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரண்டிரண்டாக மூன்று வேளை, ஊசியாகவும் மாத்திரையாகவும் சேர்த்துப் பத்து நாள் முடித்திருக்கிறார். ஈரலில் இருந்த அமீபாவுக்கு அது போதுமான அளவு. ஆனால் அந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குள் நன்றாக உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனால்தான் ஈரலில் வேலை செய்கிறது, அதே காரணத்தால் பெருங்குடலின் உள்ளே போதிய அளவு தங்குவதில்லை. இந்த வகை மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேருக்குக் குடலில் அமீபா மிச்சம் இருந்துவிடுகிறது. அங்கே அது சிஸ்ட் என்னும் ஓடு போர்த்திய பருவத்தில் மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்குப் பரவும், அவருக்கே மறுபடியும் ஈரலுக்கு ஏறலாம்.

அதைத் துடைத்தெடுக்கத்தான் டைலாக்சனைடு ஃபியூரோவேட் 500 மி.கி., மூன்று வேளை, பத்து நாள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு வாரம் தாமதமானாலும் இப்போது எடுப்பதில் பயன் உண்டு. பெரிய தொந்தரவு செய்யாத மருந்து. வாயு மட்டும் கொஞ்சம் சேரும். தனி மாத்திரையாக எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, மெட்ரோனிடசோலோடு சேர்த்த மாத்திரையாக அதிகம் கிடைக்கும். கடைக்காரர் அதைக் கொடுத்தால் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள், மெட்ரோனிடசோல் இன்னொரு சுற்று தேவையில்லாமல் உள்ளே போகும். தனியாகக் கிடைக்கவே இல்லை என்றால் எடைக்கேற்ற அளவில் பாரோமோமைசின் ஏழு நாள் கொடுக்கலாம். மருத்துவமனையை ஒட்டிய பெரிய மருந்துக்கடைகளில் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட்டும் சர்க்கரையும்

கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் அது லேபிலேயே தூங்கும். நாளைக்கே போய்க் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. தயங்க வேண்டாம், சண்டையும் வேண்டாம், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

எதற்கு இந்த அவசரம்? அவருக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஒன்பது நாள் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வெறும் அமீபா என்றால் பரவாயில்லை. கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியா வளர்ந்திருந்தால் ஊசியும் மாத்திரையுமாகச் சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் வேண்டும். அப்போது இந்த ஒன்பது நாள் பாதிப் பாதையில் நின்றதாகிவிடும். "வளர்ச்சி இல்லை" என்று வந்தால் நிம்மதி, ஆனால் முழு நிம்மதி அல்ல. முன்பே போட்ட மாத்திரையும் ஊசியும் பாக்டீரியாவை வளரவிடாமல் செய்திருக்கலாம். ஆறு வாரம் மருந்தில்லாமல் காய்ச்சலே வராமல் இருப்பது நல்ல சாட்சி. இன்னொன்றும் சொல்கிறேன்: மழைக்காலத்தில் மண்ணிலும் சேற்றிலும் புழங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று ஈரலில் தேன்கூடு போலச் சீழ் வைக்கும். தமிழ்நாட்டில் அது இருக்கிறது. அதற்கு மருந்து வேறு, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். கல்ச்சர் இல்லாமல் அதை உறுதி செய்ய முடியாது.

சேர்க்கும்போது சர்க்கரை 268 இருந்தது, "காய்ச்சலால் ஏறியது" என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஏறலாம். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு முறையும் பார்த்து உறுதி செய்துகொண்டு சர்க்கரைக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மருந்து தொடர வேண்டியிருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் சேரும்போதே அட்டையைக் காட்டிப் பயன்படுத்துவது. இனி ஏதாவது தேவைப்பட்டால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ கீழ்ப்பாக்கத்திலோ டியூப் வைப்பது உட்பட இதே சிகிச்சை கிடைக்கும்.

குடி

வார்டில் மூன்றாம் ராத்திரி கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு உளறினார், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதா என்று பயந்தோம் என்கிறீர்கள். அது தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும் நிலை. உயிருக்கே ஆபத்தாகலாம், சேர்க்கும்போதே எவ்வளவு குடிப்பார் என்று சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்திருப்பார்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம், அதனால் சொல்கிறேன்.

"மாலை கழற்றின பிறகு ஒரு பீர் மட்டும்" என்று கேட்கிறாராம். மெட்ரோனிடசோல் உள்ளே இருக்கும்போது குடித்தால் குமட்டலும் படபடப்பும் வரலாம், கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாள்வரை கூடாது. அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் அமீபாக் கட்டி குடிப்பவர்களுக்கு அதிகம் வருவதை நம் ஊர் மருத்துவர்கள் காலம் காலமாகப் பார்த்து வருகிறார்கள். சீழ்க்கட்டி ஆறினால் ஈரல் சுருங்கிப்போவதில்லை, முழுசாகத் தேறும். குடி அப்படி விடாது. ஒரு மண்டலமாகத் தொடாமல் இருக்கிறார், நடுக்கமும் தாண்டிவிட்டது. கடினமான பகுதி முடிந்தாகிவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். கை மறுபடி தேடினால் அயனாவரம் அரசு மனநல மருத்துவமனையிலும் அடையாறு இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையிலும் இதற்கென்றே பிரிவுகள் உண்டு.

பிள்ளைகளும் தண்ணீரும்

ஈரல் கட்டி தொற்றாது. மலத்தில் வெளியேறும் சிஸ்ட் கை வழியாக, தண்ணீர் வழியாகத் தொற்றும். லாரித் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழும் வீடுகளில், மழைக்காலத்தில் சாக்கடை கலந்தால், வழக்கமான அளவு குளோரின் இந்தச் சிஸ்டைக் கொல்லாது. தளதளவென்று கொதித்தால் செத்துவிடும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிட்டுக் கொத்தமல்லியைச் சம்ப் தண்ணீரில் அலசிச் சட்னி அரைத்தால் பயனில்லை. கழிப்பறை போய்வந்து சோப்பு போட்டுக் கழுவுங்கள். சானிடைசரை இதற்கு நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். உங்கள் எல்லோருக்கும் மலப் பரிசோதனை, முடிந்தால் ஆன்டிஜன் முறையில் பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் தீங்கு செய்யாத இன்னொரு அமீபாவும் இதே உருவத்தில் தெரியும். பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் மருந்து.

எப்போது காத்திருக்கக் கூடாது?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பினால், திடீரென்று வயிறு கல்போல இறுகி வலித்தால், மூச்சு வாங்கினால், இருமும்போது சாக்லேட் நிறச் சளி வந்தால், கண் மஞ்சளானால், அல்லது கண் வலித்துப் பார்வை மங்கினால் 108ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் எதற்கு என்று தோன்றும். சில கிளெப்சியெல்லா வகைகள் ஈரலிலிருந்து ரத்தம் வழியாகக் கண்ணுக்குப் போய்ச் சீழ் வைக்கும், ஒரு நாள் தாமதத்தில்கூடப் பார்வை போய்விடலாம்.

கடைசியாக மூட்டையும் மலையும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் இப்போதே சிறு வேலைகள் செய்யலாம். 50 கிலோ மூட்டைக்கு மூன்றாம் மாத ஸ்கேன்வரை பொறுக்கட்டும். அதுவரை கணக்கு எழுதும் வேலையோ தள்ளுவண்டியோ கேட்டுப் பார்க்கட்டும். மலைக்குப் போகலாம், பெரிய பாதை வேண்டாம். பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், ஏற்றம் செங்குத்து. நடுநடுவே உட்கார்ந்து ஏறட்டும். ஆற்றில் குளிக்கும்போது வாய்க்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும், வழியில் தரும் சுக்கு வெந்நீரைக் குடிக்கட்டும். கிளம்புவதற்கு முன் டைலாக்சனைடு பத்து நாளும் முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கே மருந்துக்கடைக்குப் போனால் நாள் இருக்கிறது.